முகம் பார்த்துக் கேட்டவர்

தூத்துக்குடியில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது, கீழ்வீட்டு அண்ணாச்சியிடம் பேசுவதற்கென்றே ஆட்கள் வருவார்கள். வீடு அவருடையது. நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வருகிறவர்கள் யோசனை கேட்க வருவதில்லை. அவரும் யோசனை சொல்கிற ஆள் இல்லை. மனசில் கிடப்பதைச் சொல்லிவிட்டுப் போக வருவார்கள். மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மகன் குடித்துவிட்டு வந்து செய்த கூத்தையெல்லாம் சொல்லுவாள். மருமகளோடு ஒத்துப்போகாத பக்கத்து வீட்டம்மா ஒரு மணிக்கூர் பேசுவாள். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, பேசுகிறவர் முகத்தையே பார்த்தபடி இருப்பார். தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார்.

"இப்படி வெளிச்சத்துக்கு வாம்மா. வந்து சொல்லு." எல்லாரிடமும் அவர் முதலில் சொல்வது இதுதான். அதை ஒரு மரியாதையாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

நானும் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது தடவையும் எனக்குக் கரு தங்காமல் போன சமயம். நான் தாமிரபரணிக் கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட அழவில்லை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்லக் கீழே இறங்கியவள், அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓய்ந்ததும், "சாப்பிட்டியா தாயீ?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் துறைமுகத்தில் டக் ஓட்டத்தில் இருந்தவர். பெரிய கப்பல்களை உள்ளே இழுத்துவரும் குட்டிக் கப்பலைத்தான் அங்கே டக் என்பார்கள். அதன் இஞ்சின் ரூமில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குரல் கொஞ்சம் பெரிசு. கடற்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போன் அடித்தால் எடுக்க மாட்டார். துபாயிலிருக்கும் மகன் கூப்பிட்டால், "உங்கம்மைகிட்ட பேசுலே" என்று கைமாற்றிவிடுவார். வீடியோவில் வந்தால் மட்டும், "மூஞ்சிய ஒழுங்காக் காட்டுலே, கூரையக் காட்டாத" என்பார்.

சினிமா என்றால் உயிர். அதிலும் அவர் ருசி வேறு. சண்டை வந்தால் ஓட்டிவிடுவார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். பெரிய மீசை வைத்த கதாநாயகன் படம் என்றால் வேண்டாம் என்பார். "மீசை உங்கள என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "நடிப்பு தெரிய மாட்டேங்கு" என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டி, ஒரு கிறுக்கு, இருக்கும்தானே.

இவ்வளவு பேருக்குக் காது கொடுத்தவர் மேல் குறை சொன்ன ஒரே ஆள் அவர் மனைவி. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன்.

"ஊருக்கெல்லாம் காது. எனக்கு மட்டும் சுவரு" என்பாள். "நேர நின்னு கேட்டா பதில் சொல்லுவாக. அடுக்களையில நின்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாலும் ஏன்னு கேக்க மாட்டாக. இத்தன வருசம் பேசுனத கேட்டு அலுத்துப் போச்சு போல."

சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஆனால் ஒரு நாள் மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சிரிக்காமல் ஒன்று சொன்னாள். முந்தின மழைக்காலத்தில் அவள் பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தாள். நாங்கள் அப்போது ஊருக்குப் போயிருந்தோம்.

"அவுக முன்னறையில டிவி பாத்துட்டு இருந்தாக. நான் கூப்பிட்டேன்ளா. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. எந்திரிக்க முடியாமக் கிடந்து, பேரச் சொல்லியே கூப்பிட்டேன். வரல. பின்தெருவுல போன மீன்காரிதான் சத்தம் கேட்டு ஓடி வந்தா. தெருவுல போறவளுக்குக் கேட்டுது."

"அண்ணாச்சிகிட்ட கேக்கலையா அக்கா?"

"மயங்கிக் கிடந்தேன்னு சொல்லிட்டேன். கேட்டா என்ன சொல்லுவாக? கேட்டுச்சு, வரலன்னு அவுக வாயால சொல்லிட்டா நான் எங்கன போவேன்?"

வத்தலைப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

பிறகு எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு நடமாடிய காலம் வந்தது. அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். வாசலில் நாற்காலி போடுவது நின்றது. மீன்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்று பேசினால், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு நாள் அவள், மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதைச் சொல்லியிருக்கிறாள். இவர் சிரித்துக்கொண்டே, "நல்லது, நல்லது" என்றிருக்கிறார். அவள் அதற்கப்புறம் கூடையை எங்கள் வாசலில் இறக்குவதை விட்டுவிட்டாள். அண்ணாச்சிக்குத் திமிர் வந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. வியாதிக்குப் பயந்துபோனார் என்று நான் நினைத்தேன்.

தியேட்டர்களும் மூடிக் கிடந்தன. மகன் துபாய் போகும்முன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று முன்னறையில் இருந்தது. அவன் நண்பன் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் பெரிய பெரிய எச்டி படங்கள். அண்ணாச்சி காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதன் முன்னால்தான். ஆனால் படம் ஒழுங்காக ஓடவில்லை.

"தங்கச்சி, உனக்குத்தான் கம்ப்யூட்டரு தெரியும்லா. கொஞ்சம் வந்து பாரேன்" என்று மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கிற ஆபீஸில் இருந்தேன். அப்போது வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வருகிற சின்னச் சின்னக் கோளாறெல்லாம் என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் தெரியும்.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கீழே போனேன். படம் தொடங்கும்போது நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் திக்கித் திக்கி வர ஆரம்பித்தது. கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்பாள். வசனம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு படம் ஒரே தாவாகத் தாவி ஓடிப் பிடிக்கும்.

"எந்தப் படம் போட்டாலும் இப்படியா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"காப்பி வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றார்.

கவனம் எல்லாம் படத்தில் என்று விட்டுவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராக ஓடுவதால் திக்குகிறதோ என்று படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். அதே கதை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த தேவையில்லாததையெல்லாம் மூடினேன். வேறு பிளேயர் ஏற்றினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். கடைசியில் அதே படத்தின் சின்ன சைஸ் பிரதி ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். அது வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே பெருமையாக இருந்தது.

அண்ணாச்சி கிட்டப் போய்ப் பார்த்தார். எட்ட வந்து பார்த்தார். "மூஞ்சி கஞ்சி மாதிரில்லா இருக்கு" என்றார்.

"கதை புரிஞ்சா போதாதா? வசனம் நல்லாக் கேக்குதே."

என் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது வேண்டாம் தங்கச்சி. சத்தம் எப்படியும் போயிட்டுப் போகுது. படம் நிக்கப்படாது, மூஞ்சி தெளிவா இருக்கணும்" என்றார். கெஞ்சுகிற குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சினிமாவுக்காக இவ்வளவா என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. யோசித்துப் பார்த்ததில், ஆரம்பத்தில் நன்றாக ஓடி, போகப்போகத் திக்குவதால் சூடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பட்டது. பெட்டியைத் திறந்தேன். உப்புக்காற்றும் கரித்தூசியும் சேர்ந்து, உள்ளே இருக்கிற ஃபேனில் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. ஃபேன் சுற்றவே சிரமப்படுகிறது. பிராசஸர் கொதித்துப்போய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த, காய்ந்துபோன பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை தடவி ஃபேனைத் திரும்ப உட்கார வைத்தேன். இந்த மாதிரிப் படங்களை ரொம்பவும் சுருக்கி வைத்திருப்பார்கள். ஓடும்போதே பிரித்துக் காட்ட வேண்டும். அந்த வேலையில் பாதியை கிராஃபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளும்படி டிரைவரைப் புதுப்பித்து, பிளேயரில் மாற்றி வைத்தேன்.

வயர்களை ஒவ்வொன்றாகச் சொருகிவிட்டுப் படத்தைப் போட்டேன். அடுக்களையில் அக்கா மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு டீக்கடையில் இரண்டு பேர் கிண்டலடித்து ஒருவரை ஒருவர் வாரிக்கொள்கிற காட்சி. முகங்கள் அவ்வளவு தெளிவு. அண்ணாச்சி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். "போட்டான் பாரு ஒரு போடு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

நான் மேஜைக்குப் பின்னால் குனிந்திருந்தேன். மிக்ஸி நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர் என் கையில் இருந்தது.

"அண்ணாச்சி" என்றேன். அவர் முதுகுப்பக்கம் நின்று இன்னும் கொஞ்சம் உரக்க, "அண்ணாச்சி!" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் சிரித்தார்.

முன்னால் போய் நின்றேன். மாஸ்க்கைக் கழற்றினேன். வயரைக் காட்டினேன். அவர் வயரைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

"அவ பாத்தாளா?" என்றார். முதலில் கேட்டது அதைத்தான்.

இல்லை என்று தலையாட்டினேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்று, "எப்ப இருந்து?" என்றேன்.

"காத இஞ்சினு தின்னுட்டு தாயீ" என்றார். அந்தப் பெரிய குரலை அவர் தணித்துப் பேசியது அப்போதுதான். "ஒரே நாள்ல போகல. மொதல்ல குருவிச் சத்தம் போச்சு. பொறவு சின்னப் பிள்ளைக பேச்சு. இப்பவும் சத்தம் வரும். சொல்லு பிரியாது. தண்ணிக்குள்ள முங்கிட்டுக் கேக்க மாதிரி. வாயப் பாத்தா சமாளிச்சுருவேன். இப்பத்தான் எல்லாப் பயலும் வாய மூடிட்டானே."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"வேலையில இருக்கும்போது சொன்னா அன்ஃபிட்னு வீட்டுக்கு அனுப்பிருவான். ரிட்டயர் ஆன பொறவு..." ஸ்பீக்கர் வயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எங்கப்பா கடைசியில செவிடாத்தான் கிடந்தாரு. நடுவீட்டுல கட்டிலு. அவரு முன்னாலயே அவரு சாவுக்கு யார் யாருக்குச் சொல்லணும்னு பேசுனோம். நானும் பேசுனேன். அவரு எங்க வாயையே பாத்துட்டு இருந்தாரு. எவ்வளவு பிடிபட்டிருக்கும்னு இப்பத்தான தெரியுது."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "நான் அன்னைக்கு உங்ககிட்ட அழுதேனே அண்ணாச்சி. அது?"

அவர் கண்ணை விலக்கவில்லை. "நீ அழுதுட்டே சொன்னியா, வாய் கோணிப்போச்சு. ஒண்ணும் பிடிபடல. ஆனா எந்திரிச்சுப் போகப்படாதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் வரவில்லை.

"அவகிட்ட சொல்லிராத" என்றார். "செவிடன்னு தெரிஞ்சா மனுசன் மேசை நாற்காலி மாதிரி ஆயிருவான்."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா மொட்டைமாடியில் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அவள் என்னை நம்பிச் சொன்ன பேச்சு. இவர் என்னை நம்பிச் சொல்கிற பேச்சு இன்னொன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் மாடிக்குப் போய்விட்டால், இவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்குள் இப்படியே இருந்து தீர்ந்துவிடுவார்கள்.

அவர் பார்வைக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "அண்ணாச்சி, அக்கா பின்கட்டுல விழுந்தாங்கள்லா. அன்னைக்கு அவங்க மயங்கல. உங்களக் கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் கூப்பிட்டாங்க."

அவர் புரியாதவர் போல என் உதட்டையே பார்த்தார்.

"உங்களுக்குக் கேட்டும் வரலன்னு இன்னைக்கு வரை நினைச்சுட்டு இருக்காங்க."

அவர் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். அடுக்களைக்கு நடந்தார். நான் போயிருக்க வேண்டும். ஆனால் அடுக்களை தெரிகிற இடத்தில், முன்னறையிலேயே நின்றேன்.

"ஏளா, அன்னைக்கு நீ என்னக் கூப்பிட்டியா?"

பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. அக்கா அடுப்பைப் பார்த்தபடியே என்னவோ சொன்னாள்.

"திரும்பிச் சொல்லு. எனக்குக் கேக்கல."

"கேக்கலைன்னா? இப்பவும் கேக்கலையாக்கும்?"

"இப்பவும் கேக்கல. அன்னைக்கும் கேக்கல. உன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு ஏதாவது பிடிபடும். ரொம்ப வருசமா இப்படித்தான்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் உடைந்து வந்தது. "பாவி மனுசா. வேணும்னேதான் வரலன்னுல்லா நான்..." அண்ணாச்சி அழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. நான் மெல்ல மாடியேறிவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா மேலே வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனாலும் வயதில் பாதி குறைந்தவள் மாதிரி இருந்தாள். "செவிட்டுப் பயலுக்கு வாக்கப்பட்டுட்டு, அது தெரியாமயே குடும்பம் நடத்திருக்கேன் பாத்துக்கோ" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மிஷின் மாட்டினார்கள். மார்க்கெட் இரைச்சல் மொத்தமும் மண்டைக்குள் வருகிறது என்று அவர் நாலு நாள் சத்தம் போட்டார். வண்டி வருவது தெரிய ரோட்டில் போகும்போதும், கோவிலுக்கும் மட்டும் போட்டுக்கொள்வது என்று கடைசியில் உடன்பாடானது. அக்கா காய் நறுக்குவதையெல்லாம் முன்னறைக்கு, அவருக்கு எதிரே, கொண்டுவந்துவிட்டாள். பேச ஆள் கிடைத்துவிட்டதால் அவள் வாய் ஓயவில்லை. "இதுக்கு நான் செவிடுன்னு சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்று அண்ணாச்சி என்னிடம் கண்ணடித்தார்.

தெருவுக்கும் அவரே சொன்னார். மீன்காரம்மாவை வழியில் மறித்து, அன்றைக்கு நல்லது நல்லது என்றது ஏன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் ஒரு வாரம் கழித்து வந்தாள். கூடையைப் பழைய இடத்தில் இறக்கினாள். எட்ட நின்று மாஸ்க்கைக் கீழே தள்ளிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கத்தாத தாயீ. கத்துனா வாய் கோணும். மெதுவாச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அவள் குரலை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்க வெயில் ஏறிவிட்டது. அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றியபடி அசையாமல் இருந்தார். அவரைவிட்டு யாரும் போய்விடவில்லை. அவரிடம் முன்பு கொட்டியதையெல்லாம் நினைத்துச் சிலருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது, அது தானாகப் போய்விட்டது.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்றிவிட்டு, சொல்லிக்கொண்டு போகக் கீழே வந்தேன். மத்தியான நேரம். கதவு திறந்தே கிடந்தது. இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் துளியும் திக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"என்னக்கா, ஸ்பீக்கர் போயிட்டா? பாத்துட்டுப் போகட்டுமா?"

"ஒண்ணும் போகல. எனக்குத் தலவலி. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவுக சொல்லுதாக. நான் பாக்கேன்."

திரையில் ஏதோ பெரிய பங்களா. பட்டுச்சேலை கட்டிய பணக்கார நாயகி, கண்ணீர் வழிய மாடிப்படியில் நின்று காதலனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அவளுடைய உதட்டையே பார்த்தபடி, அந்தப் பெரிய குரலில், அவளுக்காகப் பேசினார்.

"ஏலே, என்ன இங்கன விட்டுட்டு நீ எங்கனலே போற?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலைவலியோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.